மஞ்சள் ஆண், நீலப் பெண், பச்சைக் குஞ்சு

கேள்வி: டாக்டர், நான் தக்கலைப் பக்கம் இருக்கிறேன். வீட்டு மொட்டைமாடியில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறேன். மார்த்தாண்டத்தில் தெரிந்த ஒரு அண்ணனிடம் சிவப்புக் கண் உள்ள மஞ்சள் ஆண் ஒன்றும் வான நீலப் பெண் ஒன்றும் வாங்கிச் சோடி சேர்த்தேன். 5 குஞ்சு பொரித்தது. 3 மஞ்சள், 2 பச்சை. நீலம் ஒன்றுகூட இல்லை. பச்சை இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று இளம்பச்சை, மற்றது முற்றிய மாவிலை நிறம். மஞ்சளும் நீலமும் இருக்கிற கூண்டில் பச்சை எப்படி வரும்? வேறு ஆணோடு இருந்த பெண்ணை என் தலையில் கட்டிவிட்டாரோ என்று சந்தேகம். கேட்டால், "மஞ்சள் மூணும் பெண்ணாத்தான் இருக்கும், வளர்ந்தபிறகு பாரு" என்கிறார். இப்போது அவரோடு சரியாகப் பேசுவதில்லை. இன்னொரு கூண்டில் பச்சை ஆணும் மஞ்சள் பெண்ணும் இருக்கின்றன. அதில் 6 குஞ்சும் பச்சை, ஒரு மஞ்சள்கூட இல்லை. எனக்கு வெள்ளை அல்பினோ எடுக்க வேண்டும் என்று ஆசை. முதல் சோடியின் மஞ்சள் குஞ்சையும் பச்சைக் குஞ்சையும் வளர்த்துச் சேர்த்தால் கிடைக்குமா?

பதில்: தம்பி, முதலில் அந்த அண்ணன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அவர் உங்களை ஏமாற்றவில்லை. நீங்கள் எழுதியிருக்கிற குஞ்சுக் கணக்கு அந்தச் சோடிக்கு வரவேண்டிய கணக்குதான். மஞ்சள் மூன்றும் பெண் என்று அவர் சொன்னதும் சரி. பச்சை இரண்டும் ஆணாக இருக்கும். பறவையைப் பார்க்காமலே நான் இப்படிச் சொல்லக் காரணம், லூட்டினோ என்கிற அந்தச் சிவப்புக் கண் மஞ்சள் நிறம் தகப்பன் வழியாக ஒருமாதிரியும் தாய் வழியாக வேறுமாதிரியும் இறங்குகிற நிறம். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாவது கூண்டின் கதையும் அல்பினோ ஆசையும் தானாகத் தெளிந்துவிடும்.

பச்சை எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்லி வளர்க்கிற பட்ஜி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலத்துப் பறவை. ஜான் கோல்டு என்ற பறவை ஆய்வாளர் 1840-இல் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் கூண்டுப் பறவையாகப் பரவியது. காட்டில் அதன் நிறம் இளம்பச்சை. இந்தப் பச்சைக்கு என்று இறகில் தனிச் சாயம் எதுவும் கிடையாது. கிளி இனத்துக்கே உரிய ஒரு மஞ்சள் சாயம் இறகில் இருக்கிறது. அதன் கீழே இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தைக் காட்டுகிறது. அந்த நீலம் எடுபட வேண்டுமானால் அடியில் மெலனின் என்கிற கறுப்புச் சாயம் இருக்க வேண்டும். நீலத்தின் மேல் மஞ்சள் படியும்போது நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரிகிறது.

இப்போது உங்கள் சோடியைப் பாருங்கள். நீலப் பெண்ணுக்கு மெலனின் சரியாக இருக்கிறது, மஞ்சள் சாயம் மட்டும் உண்டாவதில்லை. (அந்தச் சாயத்தை உண்டாக்கும் மரபணுவையும், அதில் ஒரே ஓர் இடத்தில் நேர்ந்த மாற்றமே நீலத்துக்குக் காரணம் என்பதையும் 2017-இல் கண்டுபிடித்தார்கள்.) லூட்டினோ ஆணுக்கு மஞ்சள் சாயம் சரியாக இருக்கிறது, மெலனின் இல்லை. அதனால்தான் உடலில் கறுப்பு வரி கிடையாது, கண்ணும் சிவப்பு. ஆக, தகப்பனிடம் இல்லாதது தாயிடம் இருக்கிறது, தாயிடம் இல்லாதது தகப்பனிடம் இருக்கிறது. இரண்டும் ஒரு குஞ்சில் சேர்ந்தால் காட்டில் இருந்த பழைய பச்சை திரும்பி வந்துவிடும். வேறு ஆண் யாரும் வரத் தேவையில்லை.

அப்படியானால் எல்லாக் குஞ்சும் பச்சையாக அல்லவா இருக்க வேண்டும், மூன்று ஏன் மஞ்சளாயின? இங்கேதான் ஆண் பெண் கணக்கு வருகிறது.

மனிதரில் பெண்ணுக்கு ஒரே மாதிரி இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. ஆண் குஞ்சு தாயிடம் ஓர் இசட்டும் தகப்பனிடம் ஓர் இசட்டும் வாங்கிக்கொள்கிறது. பெண் குஞ்சு தாயிடம் டபிள்யூவை வாங்குகிறது, அதன் ஒரே இசட் தகப்பன் கொடுத்தது. லூட்டினோவுக்குக் காரணமான மரபணு, பட்ஜிக்காரர்கள் ஐனோ என்று சொல்வது, இந்த இசட்டில் இருக்கிறது. டபிள்யூவில் அதற்கு இணை கிடையாது.

உங்கள் மஞ்சள் ஆணுக்கு இரண்டு இசட்டிலும் ஐனோ. இல்லாவிட்டால் அது மஞ்சளாக இருக்காது. ஆகவே எந்தக் குஞ்சுக்கும் அது கொடுக்கக்கூடியது ஐனோ உள்ள இசட் மட்டும்தான். பெண் குஞ்சுக்கு அந்த ஓர் இசட்டைத் தவிர வேறு இல்லை. மெலனின் உண்டாக வழியே இல்லை, மஞ்சளாகிவிடுகிறது. ஆண் குஞ்சுக்குத் தாயின் நல்ல இசட் ஒன்று கூடவே வருகிறது. அந்த ஒன்று போதும், மெலனின் உண்டாகிவிடும், நிறம் பச்சை. ஆனால் தகப்பனின் ஐனோ உள்ளே ஒளிந்திருக்கிறது. அதைத்தான் ஸ்பிளிட் என்கிறோம்.

நீலம் ஏன் ஒன்றுகூட வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீலத்தின் மரபணு இசட்டில் இல்லை. ஆண் பெண் வேறுபாடு இல்லாத சாதாரண குரோமோசோமில் இருக்கிறது. நீலம் தெரிய வேண்டுமானால் தாய் தகப்பன் இரண்டு பேரும் கொடுக்க வேண்டும். உங்கள் மஞ்சள் ஆணிடம் நீலம் ஒளிந்திருக்கவில்லை போலிருக்கிறது. இருந்திருந்தால் குஞ்சுகளில் பாதிக்கு நீலம் தெரியும் வாய்ப்பு உண்டு. அதில் ஆண் குஞ்சு நீலமாகவும் பெண் குஞ்சு வெள்ளை அல்பினோவாகவும் வந்திருக்கும். 5 குஞ்சை வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அடுத்த ஈட்டிலும், அதாவது அடுத்த முறை இட்டுப் பொரிக்கிற குஞ்சுகளிலும், கவனியுங்கள். எப்படியானாலும் இப்போது உங்களிடம் இருக்கிற 5 குஞ்சும் தாயிடமிருந்து ஆளுக்கொரு நீலத்தை வாங்கிக்கொண்டவை. வெளியே தெரியாது, உள்ளே நிச்சயம் இருக்கிறது.

மாவிலைப் பச்சை எப்படி வந்தது என்பது எனக்குப் பிடித்த கேள்வி. பட்ஜியில் டார்க் ஃபேக்டர் என்று, நிறத்தைக் கருக்கச் செய்கிற மரபணு ஒன்று உண்டு. அது இல்லாவிட்டால் இளம்பச்சை, ஒன்று இருந்தால் கரும்பச்சை, இரண்டு இருந்தால் ஆலிவ். நீல வரிசையில் இதே மூன்றும் வான நீலம், கோபால்ட், மாவ் என்று போகும். உங்கள் பெண் வான நீலம். அதனிடம் டார்க் ஃபேக்டர் இல்லை என்பது கண்ணுக்கே தெரிகிறது. அப்படியென்றால் அது தகப்பனிடமிருந்து வந்திருக்கிறது. மெலனின் இல்லாத உடம்பில் டார்க் ஃபேக்டர் இருந்தாலும் காட்ட முடியாது. ஸ்பாங்கிள், கிரே, வயலெட், பைடு என்று வேறு எந்த நிற வகை இருந்தாலும் லூட்டினோ அநேகமாக எல்லாவற்றையும் மூடிவிடும். மகனுக்கு மெலனின் கிடைத்ததும் தகப்பன் மறைத்து வைத்திருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஒரு மஞ்சள் ஆண் உண்மையில் என்ன பறவை என்று தெரிய, அதன் பச்சை மகன்களைத்தான் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கூண்டு. இங்கேயும் ஒரு மஞ்சள் இருக்கிறதே, மஞ்சள் குஞ்சு ஏன் இல்லை என்று தோன்றும். மஞ்சள் அதேதான், ஆள் மாறிவிட்டது. இங்கே மஞ்சளாக இருப்பது தாய். தாய் தன் இசட்டை மகள்களுக்குக் கொடுப்பதே இல்லை, மகன்களுக்கு மட்டும் கொடுக்கிறது. மகன்கள் அந்த ஐனோவை வாங்கிக்கொண்டு, தகப்பன் கொடுத்த நல்ல இசட்டின் தயவில் பச்சையாக நிற்கின்றன. மகள்கள் தகப்பனின் நல்ல இசட்டை மட்டும் வாங்கி, உள்ளும் புறமும் ஐனோ இல்லாத பச்சையாகப் பிறக்கின்றன. அதனால் 6 குஞ்சும் பச்சை. அந்தப் பச்சைத் தகப்பன் ஐனோ ஸ்பிளிட்டாக இருந்திருந்தால் ஒவ்வொரு குஞ்சும் மஞ்சளாகப் பாதி வாய்ப்பு. 6 குஞ்சில் ஒன்றுகூட மஞ்சளாகாமல் தப்புவது 64-இல் ஒரு முறை நடக்கிற காரியம். ஆகவே உங்கள் பச்சை ஆண் ஸ்பிளிட் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

மனிதரில் நிறக்குருடு இறங்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நிறக்குருடு உள்ள அப்பாவின் மகள்களுக்குப் பார்வையில் குறை தெரியாது, அவர்கள் அதை உள்ளே சுமப்பார்கள். அவர்களுடைய மகன்களில் வெளிப்படும். மகனுக்கு அப்பாவிடமிருந்து அது வராது. பட்ஜியில் அப்பா இருக்கும் இடத்தில் அம்மாவையும், மகள் இருக்கும் இடத்தில் மகனையும் வைத்துப் படித்தால் உங்கள் இரண்டாவது கூண்டு அப்படியே வந்துவிடும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் கிடைக்கிறது. பறவை வாங்கும் எல்லாரும் இதை மனதில் வைக்க வேண்டும். பெண் பட்ஜி ஐனோவுக்கு ஸ்பிளிட்டாக இருக்கவே முடியாது. அதற்கு இருப்பது ஓர் இசட். அதில் ஐனோ இருந்தால் பறவை மஞ்சள் அல்லது வெள்ளை, இல்லையென்றால் இல்லை. ஒளித்து வைக்க இரண்டாவது இசட் கிடையாது. ஓப்பலின், சின்னமன், ஸ்லேட் ஆகிய நிற வகைகளுக்கும் இதே விதி. வாட்ஸ்அப்பில் "பச்சைப் பெண், ஸ்பிளிட் லூட்டினோ" என்று கூடுதல் விலை போட்டு வருகிறதே, அப்படி ஒரு பறவை உலகத்தில் இல்லை. விற்பவர் தெரியாமல்கூட எழுதியிருக்கலாம், ஆனால் பணம் உங்களுடையது. "ஸ்பிளிட் புளூ பெண்" என்று போட்டிருந்தால் அது இருக்கக்கூடியது, ஏனென்றால் நீலம் இசட்டில் இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதெல்லாம் உங்கள் மஞ்சள் ஆண் உண்மையிலேயே லூட்டினோவாக இருந்தால்தான். கண் சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனாலும் காலை வெயிலில் பக்கவாட்டில் ஒருமுறை பாருங்கள். சந்தையில் மஞ்சளாக இருக்கிற பறவை எல்லாம் லூட்டினோ என்றே விற்கப்படுகிறது. டபுள் ஃபேக்டர் ஸ்பாங்கிளும், அதாவது ஸ்பாங்கிள் மரபணு இரண்டு உள்ள பறவையும், ஏறத்தாழ முழு மஞ்சளாக இருக்கும், கண் கறுப்பு. இரண்டு வகைப் பைடு சேர்ந்து பிறக்கிற ஒருவகை மஞ்சளுக்கும் கண் கறுப்புதான். கறுப்புக் கண் மஞ்சளுக்கு இந்த ஆண் பெண் கணக்கு எதுவும் பொருந்தாது. உங்கள் மூன்று மஞ்சள் குஞ்சுக்கும் கண் சிவப்பா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

நிறத்தை வைத்துக் குஞ்சின் பாலைச் சொல்வது கோழி வளர்ப்பில் பழைய வித்தை. பழுப்பு முட்டை இடுகிற கலப்பினக் கோழிகள் பலவற்றில், பொரித்த அன்றே பழுப்பு நிறக் குஞ்சு பெட்டை, வெளிர் மஞ்சள் குஞ்சு சேவல் என்று பிரித்துவிடுவார்கள். அந்த நிற மரபணுவும் இசட்டில்தான் இருக்கிறது. அதே வசதி லூட்டினோ ஆணும் சாதாரணப் பெண்ணும் உள்ள உங்கள் கூண்டிலும் இருக்கிறது. இறகு முளைக்கும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். பட்ஜிக் குஞ்சு பொரிக்கும்போது தோல் மட்டும்தான், கண் மூடியிருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் தாய் தீனிக்கு இறங்கும் நேரம் பார்த்து, கையைக் கழுவித் துடைத்துச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொண்டு குஞ்சை எடுங்கள். மூடிய இமைத் தோலுக்குள் கடுகு போலக் கறுத்து ஓர் உருண்டை தெரிந்தால் அது பச்சையாகப் போகிற குஞ்சு, அதாவது ஆண். அந்த இடம் தோலின் நிறத்திலேயே இளஞ்சிவப்பாக இருந்தால் மஞ்சள், அதாவது பெண். இரண்டு குஞ்சை அருகருகே வைத்துப் பார்த்தால் சந்தேகமே வராது. அரை நிமிடத்தில் திரும்ப முட்டையிடும் பானைக்குள் வைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சின்னமன் குஞ்சுக்கும் பிறந்த சில நாட்கள் கண் பழுத்த நாவல் தோலைப் போலச் செங்கருமையாக இருக்கும், பிறகு கறுத்துவிடும். உங்கள் மாடியில் சின்னமன் இருந்தால் அவசரப்பட்டு லூட்டினோ என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

மூக்கைப் பார்த்துப் பால் சொல்கிற வழக்கம் நம் ஊரில் எல்லாருக்கும் உண்டு. அலகுக்கு மேலே நாசித் துளைகள் இருக்கிற அந்தச் சதைப்பகுதி நீலமென்றால் ஆண், பழுப்பு அல்லது வெள்ளையென்றால் பெண். பச்சை, நீலப் பறவைகள் வளர்ந்த பிறகு இது சரி. லூட்டினோ, அல்பினோ ஆண்களுக்கு அது பெரும்பாலும் நீலமாவதே இல்லை; வயதான பிறகும் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகவே நிற்கும். நீலம் இல்லை என்பதால் நல்ல லூட்டினோ ஆணைப் பெண் என்று முடிவு செய்து, இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் போட்டு முட்டைக்குக் காத்திருக்கிறவர்கள் என்னிடம் வருகிறார்கள். குஞ்சுப் பருவத்தில் வேறு அடையாளம் பார்க்க வேண்டும். ஆண் குஞ்சுக்கு மூக்கு முழுவதும் ஒரே சீராக இளஞ்சிவப்பு அல்லது ஊதா. பெண் குஞ்சுக்கு நாசித் துளையைச் சுற்றி வெண்மையாக ஒரு வளையம். 5, 6 வார வயதில் நல்ல வெளிச்சத்தில் இது தெரியும்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு ஒரு நேர்மையான சோதனை சொல்கிறேன். மஞ்சள் குஞ்சில் அதைத் தேடாதீர்கள். உங்கள் நீலத் தாயிடம் ஐனோ இல்லை, ஆகவே தகப்பன் யாராக இருந்தாலும் அதற்கு லூட்டினோ மகன் பிறக்க வாய்ப்பில்லை. சோதனை பச்சைக் குஞ்சில் இருக்கிறது. லூட்டினோ ஆணுக்குப் பச்சை மகள் பிறக்க முடியாது. உங்கள் இரண்டு பச்சைக் குஞ்சில் எதற்காவது நாசியைச் சுற்றி வெள்ளை வளையம் தெளிவாகத் தெரிந்தால், அந்த முட்டைக்கு மட்டும் தகப்பன் வேறு. அப்போதும் அண்ணன் மேல் குற்றம் இல்லை. பெண் பறவை முன்பு சேர்ந்த ஆணின் விந்தைச் சில நாட்கள் உடலுக்குள் வைத்திருந்து அடுத்தடுத்த முட்டைகளுக்குப் பயன்படுத்தும். பெரிய கூண்டில் பல சோடிகளை ஒன்றாக விட்டு வளர்க்கிற இடத்திலிருந்து வந்த பெண்ணென்றால் முதல் முட்டை ஒன்றிரண்டு அப்படி ஆகலாம். புதுப் பெண்ணைக் குறைந்தது ஒரு மாதம் தனியே வைத்து, அப்புறம் சோடி சேர்த்தால் இந்தக் குழப்பமே வராது.

காலனியாக விட்டு வளர்ப்பது பார்க்க அழகுதான். ஆனால் நிறம் எடுக்க நினைப்பவருக்கு அது ஆகாது. ஒரு கூண்டுக்கு ஒரு சோடி, பானையில் எண், ஒரு நோட்டுப் புத்தகம். குஞ்சுக்கு 7 முதல் 10 நாளுக்குள் காலில் அலுமினிய வளையம் போட்டு எண்ணை எழுதிவைத்துவிட்டால் அது யார் பிள்ளை என்ற கேள்வி எக்காலத்திலும் எழாது. ஸ்பிளிட் என்பது கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதற்கு ஆதாரம் இந்த நோட்டு மட்டும்தான்.

சரி, அல்பினோவுக்கு வருவோம். அல்பினோ என்பது நீலப் பறவையிலிருந்து மெலனினும் போய்விட்ட நிலை. மஞ்சள் இல்லை, கறுப்பு இல்லை, மிஞ்சுவது வெள்ளை உடலும் சிவப்புக் கண்ணும். ஆகவே இரண்டு பக்கமும் நீலம் வேண்டும், ஐனோவும் வேண்டும். உங்கள் பச்சை ஆண் குஞ்சு இரண்டுமே நீலத்துக்கும் ஐனோவுக்கும் ஸ்பிளிட். உண்மையான தங்கம் அவைதான். பச்சை என்று மலிவாக யாருக்காவது கொடுத்துவிடப் போகிறீர்கள்.

அந்தப் பச்சை ஆணை அதன் மஞ்சள் சகோதரியோடு சேர்த்தால் அல்பினோ வருமா என்றால், வரும். 8-இல் 1 என்பது வாய்ப்பு. ஆனால் உறவில்லாத ஒரு வான நீலப் பெண்ணோடு சேர்த்தாலும் அதே 8-இல் 1 தான். நீலப் பெண் எல்லாக் குஞ்சுக்கும் நீலத்தைக் கொடுக்கிறது, பச்சை ஆண் பாதிக்கு. ஐனோவைப் பொறுத்தவரை, பிறப்பதில் பாதி மகள்கள், அந்த மகள்களில் பாதிக்குத் தகப்பனின் ஐனோ போகும். பெருக்கிப் பாருங்கள். வாய்ப்பு ஒன்றாக இருக்கும்போது ஏன் அண்ணன் தங்கையைச் சேர்க்க வேண்டும்? ரத்த உறவில் மீண்டும் மீண்டும் இனப்பெருக்கம் செய்த பட்ஜிகளில் பொரிக்காத முட்டையும் சூம்பிய குஞ்சும் கூடுகின்றன. வித்தியாசம் ஒன்று உண்டு: நீலப் பெண்ணோடு சேர்த்தால் அல்பினோ அத்தனையும் பெண்ணாகவே வரும். அல்பினோ ஆண் வேண்டுமானால் தாயும் ஐனோவாக இருந்தாக வேண்டும். கையில் பணம் இருந்தால் உறவில்லாத ஓர் அல்பினோ பெண்ணை வாங்கி அந்தப் பச்சை ஆணோடு சேருங்கள், 4-இல் 1 அல்பினோ, ஆணும் வரும் பெண்ணும் வரும்.

மஞ்சள் மகளை வைத்து, வெளியிலிருந்து ஒரு சாதாரண நீல ஆணைக் கொண்டுவந்து முயலலாம் என்று தோன்றும். அதில் அல்பினோ ஒன்றுகூட வராது. மகள்களுக்கு ஐனோ இல்லை, மகன்களுக்கு உள்ளே மட்டும். உங்கள் இரண்டாவது கூண்டு நிலைமைதான் திரும்பவும் வரும்.

8-இல் 1 என்பதை 8 குஞ்சுக்கு ஒன்று நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு முட்டையும் தன் கணக்கைத் தனியே போடுகிறது, முந்திய முட்டையில் என்ன வந்தது என்று அதற்குத் தெரியாது. 8 குஞ்சு எடுத்தும் ஒரு வெள்ளைகூட வராமல் போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மனம் தளர்ந்து அந்தச் சோடியைப் பிரித்துவிடாதீர்கள். அதேபோல் ஆசைப்பட்டு ஈட்டுமேல் ஈடு எடுக்கவும் வேண்டாம். வருடத்துக்கு இரண்டு ஈடு போதும். பெண்ணுக்கு ஒரு வயது ஆகும்வரை பானை வைக்காதீர்கள். இந்த மஞ்சள் மகள்களை இப்போதே சோடி சேர்க்க நினைத்தால் முட்டை அடைத்துக்கொண்டு என்னிடம் தூக்கிவர வேண்டியிருக்கும், பல நேரம் காப்பாற்ற முடிவதில்லை.

இசட்டில் இருக்கிற மரபணுக்கள் சேர்ந்தே பயணம் செய்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஓப்பலின் பக்கம் எப்படியும் நீங்கள் போவீர்கள். ஓர் ஆணின் ஓர் இசட்டில் சின்னமனும் மற்ற இசட்டில் ஐனோவும் இருந்தால், விந்து உண்டாகும்போது இரண்டு இசட்டும் துண்டு மாற்றிக்கொண்டு இரண்டு மரபணுவும் ஒரே இசட்டில் சேர வாய்ப்பு உண்டு. அப்படிச் சேர்ந்ததுதான் லேஸ்விங் என்கிற அழகான பறவை: மஞ்சள் அல்லது வெள்ளை உடலில் மங்கலான பழுப்பு வரி, கண் சிவப்பு. ஆனால் சின்னமனும் ஐனோவும் குரோமோசோமில் மிக அருகில் இருப்பதால் இந்த மாற்றம் 100-க்கு 3 அளவில்தான் நடக்கிறது. ஓப்பலினும் ஐனோவும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அவை அடிக்கடி இடம் மாறும். இந்த மாற்றம் ஆணிடம் மட்டும் நடக்கும், பெண்ணிடம் மாற்றிக்கொள்ள இன்னோர் இசட் இல்லை. லேஸ்விங் வேண்டுமென்றால் இரண்டும் தனித்தனியே வாங்கிச் சேர்க்கப் பார்க்காமல், லேஸ்விங் ஆணையே வாங்குங்கள். அதன் மகள்கள் எல்லாம் லேஸ்விங்காகவே வரும்.

உங்கள் இரண்டு கூண்டுக்கும் உறவில்லை என்றால் இன்னொரு வழியும் கையிலேயே இருக்கிறது. இரண்டாவது கூண்டின் பச்சை மகன்கள் அத்தனையும் ஐனோ ஸ்பிளிட். அவற்றில் நல்ல உடல்வாகு உள்ளதை முதல் கூண்டின் மஞ்சள் மகளோடு சேர்த்தால் குஞ்சுகளில் பாதி லூட்டினோ, ஆணும் பெண்ணுமாக. இரண்டாவது கூண்டின் பச்சை மகள்களிடம் ஐனோ துளியும் இல்லை. அவற்றைத் தயங்காமல் கொடுத்துவிடலாம், வாங்குகிறவரிடம் சாதாரணப் பச்சை என்று சொல்லியே கொடுங்கள்.

மொட்டைமாடி என்று எழுதியிருந்தீர்கள். சிவப்புக் கண் பறவைக்கு மெலனின் காப்பு இல்லாததால் உச்சி வெயில் கூசும், கண்ணை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். கூண்டின் மேற்குப் பக்கம் முடைந்த ஓலை கட்டிவிடுங்கள். நம் மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அந்த மாதங்களில் மண் பானை உள்ளே ஈரம் கோர்த்துக்கொள்ளும், தினையில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் பானையைக் கழற்றிக் காயவைத்துவிட்டு, பறவைக்கு ஓய்வு கொடுப்பது நல்லது. குளச்சலுக்கோ முட்டத்துக்கோ போனால் கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி வாருங்கள். நல்ல தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை எடுத்து, வெயிலில் உலர்த்திக் கட்டித் தொங்கவிடுங்கள். முட்டையிடும் பெண்ணுக்கு அதைவிடச் சுலபமான சுண்ணாம்புச் சத்து இல்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: பச்சைக் குஞ்சு இரண்டின் மூக்கையும் காலை வெளிச்சத்தில் அருகில் போய்ப் படம் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், நிறம் மாறிவிடும். நாசியைச் சுற்றி வெள்ளை வளையம் இல்லையென்றால் இரண்டையும் வளர்த்து வைத்துக்கொள்ளுங்கள், மஞ்சளில் ஒன்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைக் கொடுக்கலாம். பச்சை ஆணோடு சேர்க்க வேண்டிய புது நீலப் பெண்ணை அந்த அண்ணனிடமே கேளுங்கள். எந்தப் பெண் எந்தச் சோடியின் குஞ்சு என்று அவருக்குத் தெரிந்திருக்கும் போலிருக்கிறது, உங்கள் பறவைகளுக்கு உறவில்லாததாக எடுத்துத் தரச் சொல்லுங்கள்.